சின்னக் குழந்தைகளை முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது?

நாலு வயசுப் பையனையும் ஏழு வயசுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முதன்முறையாகச் சிங்கப்பூர் போகிறோம், என்னவெல்லாம் சொல்லித் தயார்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வயசில் என் குழந்தைகள் இருந்தபோது நாங்களும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பி, கோயமுத்தூரில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய் வந்தோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

ரொம்ப முன்னாடியே சொல்லிவிடாதீர்கள். நாலு வயசுக்கு அடுத்த மாசமும் நாளைக்கும் ஒன்றுதான். நாங்கள் இருபது நாள் இருக்கும்போதுதான் சொன்னோம். அன்றைக்கே அவங்க அப்பாரு (தாத்தா) இருபது புளியங்கொட்டையை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். தினமும் பல் தேய்த்ததும் ஒன்றை எடுத்து வெளியே போட வேண்டும். "இன்னும் எத்தனை நாள்?" என்று சின்னவன் எங்களைக் கேட்பதே நின்றுவிட்டது, டப்பாவைக் குலுக்கிப் பார்த்து அவனே தெரிந்துகொண்டான்.

நான் பார்த்தவரை, குழந்தைகளுக்குப் புது ஊர் பயமில்லை. போகிற வழியில் திடீரென்று நடக்கிற சின்ன விஷயங்கள்தான் பயம். முந்தின வருஷம் சென்னைக்கு விமானத்தில் போனபோது, பாதுகாப்புச் சோதனையில் சின்னவனுடைய துணி யானையைத் தட்டில் வைத்து மெஷினுக்குள் அனுப்பச் சொன்னார்கள். யானை கண்ணில் இருந்து மறைந்ததும் அழ ஆரம்பித்தவன், விமானம் ஏறியும் நிறுத்தவில்லை. அதனால் இந்தத் தடவை வீட்டிலேயே விளையாடிப் பழகினோம். கட்டில்தான் மெஷின். முறத்தில் யானையையும் செருப்பையும் வைத்து அவன் இந்தப் பக்கம் தள்ள, அக்கா அந்தப் பக்கம் இழுத்துக் கொடுப்பாள். அப்புறம் கையை விரித்து நிற்க வேண்டும், நான் தோசைக் கரண்டியை மேலும் கீழும் காட்டிச் "சரி, போங்க" என்பேன். கிளம்பின அன்றைக்கு அவனே யானையைத் தட்டில் படுக்க வைத்து, "போ சாமி, நான் அந்தப் பக்கம் வந்தர்றேன்" என்று சொல்லி அனுப்பினான்.

பெரியவளுக்கு முதலில் ஆர்வமே இல்லை. லீவுக்கு அமுச்சி (என் அம்மா) வீட்டுக்குத்தான் போவேன் என்றாள். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமா ஒரு சிங்கப்பூர்க் காசு கொடுத்தார். அதில் நாட்டின் பெயர் நாலு மொழியில் இருக்கும், ஒன்று தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தவள், "அவங்க காசுல நம்ம எழுத்து எப்படிம்மா வந்துது?" என்றாள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதையும், நம் சனங்கள் அந்தக் காலத்திலேயே கப்பலேறிப் பிழைக்கப் போனதையும் சொன்னேன். எங்கெல்லாம் தமிழ் எழுத்து கண்ணில் படுகிறதோ அதை நோட்டில் குறிக்கிற வேலையை அவளிடம் கொடுத்தோம். அதிலிருந்து பயணம் அவளுடையதாகிவிட்டது.

விமானம் இறங்கும்போது காது அடைக்கும். விழுங்கினால் தொண்டைக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற குழாய் திறந்து சரியாகும், அதனால் உறிஞ்சுகுழாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். சிலர் சூயிங்கம் சொல்வார்கள், அது வேண்டாம். சிங்கப்பூருக்குள் கொண்டுபோக 1992-லிருந்தே தடை. அங்கே மெட்ரோ ரயிலில் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது, மீறினால் 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். ரயில் என்றாலே முறுக்குப் பையைத் திறந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை ஊரிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே நாலு பேர் முன்னால் கையிலிருந்து பிடுங்க வேண்டி வரும், குழந்தைக்கு மனசு சுருங்கிப்போகும்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான் செல்லும். ஏற்கெனவே எடுத்திருந்தால் ஆறு மாசமாவது பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் கை விட்டுப்போனால் தேடி ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று "அம்மா" என்று சத்தம் போட வேண்டும். பெரியவளுக்கு என் நம்பரைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன், சின்னவனுக்குச் சட்டைப்பையில் எழுதி வைத்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் நான் நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டு இரண்டு வாரம் இதைச் செய்து பார்த்தோம். ஏர்போர்ட் போகிற வழியில் சொன்னால் எதுவும் காதில் ஏறாது.