நாலடி வேலியைப் பாயும் மறி ஆடு: வேலியை எவ்வளவு உயர்த்துவது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்களிடம் மூன்று ஆடுகள். ஒரு மறி மட்டும் நாலடி வேலியைப் பாய்ந்து, மாரிக்கு விதைத்த உழுந்துக்குள் இறங்கிவிடுகிறது. வேலியை ஐந்தடியாக்குவதா, ஆறடியாக்குவதா? கம்பி விற்கிற விலை தெரியும்தானே. அதோடு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாலை மரத்திலிருந்து மந்திகள் கூரைக்குத் தாவி, அங்கிருந்து மாமரத்துக்குப் போகின்றன. எவ்வளவு தூரத்துக்குக் கிளையை வெட்டினால் போதும்? சாதாரண தரம் படிக்கும் மகன், விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம் என்கிறான். பக்கத்து வளவு ஐயா, கொழுத்த ஆடு பாயாது, நல்லாத் தீனி போடு என்கிறார். யார் சொல்வது சரி?” வேலியின் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். ஆடு நிற்கும் பக்கத்தில், வேலியோரமாக, ஒன்றரை அடி உயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கிறது.

தம்பி சொல்வது சரி. ஐயா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். கம்பி வாங்கப் போகுமுன் அந்த விறகைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் அதற்கும் முதலில் கணக்குத் தெரிய வேண்டும்.

மேலே எறிந்த கல்லுக்கும் பாய்ந்த ஆட்டுக்கும் விதி ஒன்றுதான். கால் நிலத்தை விட்ட பிறகு ஆட்டால் தன்னை மேலும் உயர்த்திக்கொள்ள முடியாது. விடும் கணத்தில் மேல்நோக்கி என்ன வேகம் இருந்ததோ, அதுதான் உயரத்தைத் தீர்மானிக்கும். வேகத்தின் வர்க்கம் = 2 × 9.8 × உயரம். இதில் 9.8 என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல். உயரம் மீற்றரில், வேகம் செக்கனுக்கு மீற்றரில்.

இந்த இடத்தில் பலரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேலி நாலடி, அதாவது 1.2 மீற்றர். ஆனால் ஆடு 1.2 மீற்றர் உயர எழும்பத் தேவையில்லை. சூத்திரத்தில் வரும் உயரம் உடலின் புவியீர்ப்பு மையம் (நிறை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) எவ்வளவு உயர்கிறது என்பது. தோள் உயரம் 70 சென்ரிமீற்றர் உள்ள ஆட்டை எடுத்துக்கொள்வோம். அது முன்னுடலைத் தூக்கி, பின்னங்கால் இரண்டையும் முழுதாக நீட்டி நிலத்தை விடும்போது, மையம் ஏற்கெனவே 70 சென்ரிமீற்றர் அளவில் வந்துவிடும். வேலிக்கு மேலே போகும்போது காலை மடக்கிக்கொள்வதால், மையம் வேலியை விட 15 சென்ரிமீற்றர் மேலே போனால் போதும். ஆக, காற்றில் எழும்ப வேண்டியது 1.2 + 0.15 − 0.7 = 0.65 மீற்றர் மட்டும். தேவைப்படும் வேகம் செக்கனுக்கு சுமார் 3.6 மீற்றர். ஆடு 30 கிலோ என்றால் சக்தி 30 × 9.8 × 0.65, ஏறக்குறைய 190 யூல்.

அதே ஆட்டுக்கு ஐந்தடி வேலியை (1.5 மீற்றர்) வையுங்கள். எழும்ப வேண்டியது 0.95 மீற்றர், சக்தி 280 யூல். ஆறடி என்றால் 1.25 மீற்றர், 370 யூல். வேலியின் உயரத்தை நாலிலிருந்து ஐந்தாகக் கூட்டினால் நீங்கள் கூட்டியது கால்பங்கு. ஆனால் ஆட்டுக்குக் கூடுவது ஏறக்குறைய அரைப்பங்கு. ஆறடியாக்கினால் ஆட்டின் சுமை கிட்டத்தட்ட இரு மடங்கு. வேலியின் கீழ்ப்பகுதியை ஆடு தன் உடல் உயரத்தாலேயே இலவசமாகக் கடந்துவிடுகிறது. மேலே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு அடிக்கும்தான் அது முழு விலை கொடுக்க வேண்டும்.

வலுவை, அதாவது ஒரு செக்கனில் கொடுக்க வேண்டிய சக்தியை, பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். காலை மடக்கி நீட்டும் தூரம் ஒரு முப்பது சென்ரிமீற்றர். அந்தக் குறுகிய தூரத்துக்குள் செக்கனுக்கு 3.6 மீற்றர் வேகத்தை எட்ட வேண்டும். விசை அந்தத் தூரம் முழுக்கச் சமமாக இருக்கிறது என்று வைத்தால், நேரம் ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு, நிலத்தை உதைக்கும் விசை உடல் நிறையின் மூன்று மடங்கு, வலு (காலை நீட்டும்போதே உடலைத் தூக்கும் வேலையையும் சேர்த்து) சுமார் 1,650 வாற்று. குதிரை வலு 746 வாற்று. அப்படியென்றால், கிணற்றடியில் ஓடும் இரண்டு குதிரை வலு நீர்ப்பம்பியை விடக் கொஞ்சம் கூடுதலான வலுவை, 30 கிலோ ஆடு அந்த ஒரு கணத்துக்குக் கொடுக்கிறது. ஐந்தடிக்கு இது மூன்றரைக் குதிரை வலு, ஆறடிக்கு ஐந்து. உயரம் கூடக் கூட, உதைக்கக் கிடைக்கும் நேரமும் குறைந்துகொண்டே போவதுதான் காரணம்.

ஆட்டின் தசையால் அந்த வலுவைக் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. மற்ற இரண்டு ஆடும் நாலடியிலேயே நின்றுவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். பாயும் மறியும் நாலடியை மிக இலகுவாகத் தாண்டுகிறதா, வயிறு உரச உரசத் தாண்டுகிறதா என்று பார்த்தால் அதன் எல்லை தெரிந்துவிடும்.

அதைக் கைபேசியிலேயே அளக்கலாம். வேலிக்குப் பக்கவாட்டில், பாயும் இடத்துக்கு நேரே, அசையாமல் வைத்துப் படம் பிடியுங்கள். பின்னங்கால் நிலத்தை விடும் படத்திலிருந்து, உடல் உச்சிக்கு வரும் படம் வரைக்கும் எண்ணுங்கள். சாதாரண வீடியோவில் செக்கனுக்கு 30 படம். 11 படம் வந்தால் நேரம் 11 ÷ 30 = 0.367 செக்கன். உயரம் = 4.9 × நேரத்தின் வர்க்கம், அதாவது 0.66 மீற்றர். ஒரு படம் தவறி 12 என்று எண்ணினால் 0.78 மீற்றர் என்று வந்துவிடும், பிழை பெரிது. அதனால் மெதுவோட்ட வீடியோவைப் போடுங்கள். செக்கனுக்கு 240 படம் என்றால், ஒரு படம் பிசகினாலும் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் மாறும். தம்பிக்கு நல்ல செய்முறைப் பாடம் இது. அவனையே செய்யச் சொல்லுங்கள்.

சரி, இப்போது விறகுக்கு வருவோம். ஒன்றரை அடி என்பது 45 சென்ரிமீற்றர். அதன் மேல் ஏறி நின்று பாயும் ஆட்டுக்கு, நாலடி வேலியில் எழும்ப வேண்டியது 20 சென்ரிமீற்றர் மட்டும், 60 யூல். குட்டிகூடப் பாய்ந்துவிடும். வேலியை ஐந்தடியாக்கிவிட்டு விறகை அப்படியே விட்டால், எழும்ப வேண்டியது 50 சென்ரிமீற்றர். வெறும் தரையிலிருந்து நாலடியைப் பாய்வதை விட அது இலகு! காசு கொடுத்து ஓரடி உயர்த்தியும், விறகில்லாத பழைய வேலியை விட மோசமான வேலிதான் கிடைக்கும். விறகு மட்டுமல்ல. குற்றி, கல், உரல், கரையான் புற்று, கிணறு தோண்டிய மண்மேடு எதுவானாலும் வேலியிலிருந்து ஆறேழு அடி தள்ளியிருக்க வேண்டும். அலம்பல் வேலியின் குறுக்குத் தடிகள் ஆட்டுப் பக்கமாக இருந்தால் அவையும் படிதான். முன்னங்காலை அதில் வைத்து ஏறினால் நம் சூத்திரமெல்லாம் பயனில்லாமல் போய்விடும். தடிகளை மற்றப் பக்கமாகக் கட்டுங்கள்.

நிலமும் கணக்கில் வரும். கோடையில் இறுகிக் கிடக்கும் தரை ஆட்டுக்கு நல்ல உதைகல். உதைக்கும்போது குளம்பு 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைந்தால், 930 நியூற்றன் விசை × 0.05 மீற்றர், கிட்டத்தட்ட 45 யூல் மண்ணுக்கே போய்விடும். நாலடிக்குத் தேவையானதில் அது கால்பங்கு. ஆகவே ஆட்டுப் பக்கம் வேலியோரமாக மூன்று, நாலடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி இளக்கி விடுங்கள். மண்வெட்டியால் ஒரு பின்னேர வேலை, செலவில்லை.

உயர்த்த வசதி இல்லாவிட்டால், உள்ளே ஐந்தடி தள்ளி இன்னொரு நாலடி வேலி போடலாம். மானுக்கும் சில நாடுகளில் இப்படி இரட்டை வேலி போடுவார்கள். இரண்டையும் ஒரே பாய்ச்சலில் கடக்க ஆடு அந்த உயரத்துக்கு மேலேயே 1.5 மீற்றர் தூரம் நிற்க வேண்டும். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வந்தால் அரைச் செக்கன். அதற்காக இன்னும் 30 சென்ரிமீற்றர், அதாவது ஓரடி, கூட எழும்ப வேண்டும். ஓடி வர இடமில்லாமல் 2 மீற்றர் வேகத்தில் வந்தால் கூட எழும்ப வேண்டியது ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். பழைய கம்பியோ பழைய வலையோ கையில் இருந்தால் இந்த வழி நல்லது. புதிதாக வாங்குவதென்றால் ஒரே வேலியை உயர்த்துவதே இலாபம்.

ஐயா சொன்ன கொழுப்பு விஷயம். 30 கிலோ என்று நான் வைத்தது யூலையும் வாற்றையும் சொல்வதற்காகத்தான். உயரத்துக்கான சூத்திரத்தில் நிறை இல்லவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பொரெல்லி என்ற இத்தாலியர் இதை எழுதிவிட்டார். விலங்கு பெரிதானால் நிறை கூடும், தூக்கும் தசையும் அதே அளவில் கூடும். இரண்டும் ஈடாகிவிடுவதால் பெரியதும் சிறியதும் பாயும் உயரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வராது. தெள்ளு தன் உடலைப் போல நூறு மடங்கு பாய்கிறது என்று வியப்பார்கள். அளந்தால் அது ஒரு சாணளவு உயரம்தான். ஆபிரிக்காவின் சிறு புதர்க்குட்டி என்ற கைக்கடக்கமான இரவு விலங்கு நின்ற இடத்திலிருந்து 2.25 மீற்றர் எழும்பியது பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒரு முக்கிய காரணம் உடல் நிறையில் கணிசமான பங்கு பாயும் தசை என்பது. ஆக, முக்கியம் கிலோ அல்ல, ஒரு கிலோ உடலுக்கு எவ்வளவு கால் தசை என்பது. கொழுப்பு ஏறினால் தூக்க வேண்டியது கூடும், தூக்குவது கூடாது. அந்த வகையில் ஐயா சொல்வது சரி. சினை ஆடு அவ்வளவு பாயாததும் இதனால்தான். ஆனால் பாயாமல் இருப்பதற்காக ஆட்டைக் கொழுக்க வைப்பது, கருத்தரிப்புக்கும் ஈற்றுக்கும் கெடுதல். பசியில்லாமல் வைத்திருங்கள், அது போதும். குழை கட்டித் தொங்கவிட்ட ஆட்டுக்கு உழுந்தில் அவ்வளவு நாட்டம் வராது.

மொத்தத்தில் ஆட்டுக்கு என் யோசனை: விறகை அகற்றி, மண்ணை இளக்கி, ஒரு கிழமை பாருங்கள். அப்போதும் பாய்ந்தால் ஐந்தடி. ஆறடிக்குப் போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். உயர்த்தும் ஓரடிக்கு முள்ளுக்கம்பி வேண்டாம், வெறும் கம்பி போடுங்கள். மட்டுமட்டாகப் பாயும் மறியின் மடி முள்ளில்தான் கிழியும்.

மந்திக்கு வேறு கணக்கு, ஏனென்றால் அது உயரத்துக்கு அல்ல, தூரத்துக்குப் பாய்கிறது. கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள சாம்பல் மந்திகள் சமமட்டத்தில் 3.6 முதல் 4.7 மீற்றர் வரை பாயும் என்று பதிவுகள் சொல்கின்றன. கூடியதையே எடுப்போம். 45 பாகைச் சாய்வில் பாய்ந்தால், தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ 9.8. அதன்படி வேகம் செக்கனுக்கு 6.8 மீற்றர். ஆகவே கூரையும் கிளையும் ஒரே மட்டத்தில் இருந்தால் 5 மீற்றர், சுமார் பதினாறரை அடி, இடைவெளி போதும்.

ஆனால் உங்கள் பாலை கூரையை விட உயரம். கீழ்நோக்கிப் பாயும்போது காற்றில் இருக்கும் நேரம் கூடும், அந்த நேரமெல்லாம் மந்தி முன்னே போய்க்கொண்டேயிருக்கும். அதே வேகத்தில், கிளை கூரையை விட 3 மீற்றர் உயரமென்றால் 7 மீற்றர் தாண்டும். 6 மீற்றர் உயரமென்றால் கிட்டத்தட்ட 9 மீற்றர். நாம் வழக்கமாகச் செய்வது, கைக்கு எட்டும் தாழ்ந்த கிளையை வெட்டிவிட்டு உச்சிக் கிளையை விட்டுவிடுவது. கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது: கூரைப் பக்கம் நீண்டிருக்கும் உயரக் கிளைதான் முதலில் போக வேண்டும். அதிலும் தடித்த கிளை. நுனிக்கொப்பு வளைந்து கொடுத்து உதையின் சக்தியில் ஒரு பகுதியை வாங்கிவிடும், தடித்த கிளை உதையை முழுதாகத் திருப்பிக் கொடுக்கும்.

பாலையை அடியோடு தறிக்க வேண்டாம். வன்னியில் ஒரு பாலை அந்த அளவுக்கு வளர எத்தனை காலம் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூரை விளிம்புக்கு நேர் கீழேயிருந்து மரத்தை நோக்கி நிலத்தில் 7 மீற்றர் அளந்து ஒரு முளை அடியுங்கள். அந்த முளைக்கு நேர் மேலேயுள்ள கோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நீளும் கிளைகளில் கூரையை விட 3 மீற்றர் உயரம் வரை உள்ளவை எல்லாம் வெட்ட வேண்டியவை. அதற்கும் மேலே, 6 மீற்றர் உயரம் வரை இருப்பவற்றுக்கு 9 மீற்றரில் இன்னொரு முளை. கூரையிலிருந்து மாமரத்துக்கு 5 மீற்றர் போதும், ஆனால் மாங்கொப்பு கூரையை விடத் தாழ்ந்திருந்தால் அங்கும் இந்தக் கணக்குத்தான். கிளை விழும் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவதைப் பாலைப்பழக் காலம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் இந்த வருடப் பழம் தப்பும்.