மியூட்டில் போட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும்

கேள்வி: எனக்கு வயது 27. ரஷ்ய மொழியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ரஷ்ய மொழி இணைய ஊடகங்களில் சொல், படம், ஒலி மூன்றும் சேர்ந்து எப்படிப் பொருள் தருகின்றன என்பது தலைப்பு. மூன்று வருடத்தில் 140 வீடியோக்களையும் மீம்களையும் சேர்த்து அட்டவணை போட்டுவிட்டேன். ஆனால் வழிகாட்டி, “வர்ணனைதான் இருக்கிறது, ஆய்வு எங்கே?” என்று ஒரே அத்தியாயத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு சின்னது, ஹாலில் அப்பா இருப்பார் என்பதால் வீடியோக்களை மியூட்டில் போட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் குறிப்பெடுக்கிறேன். அப்பா சின்ன வயதில் மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தவறாமல் கேட்டவர். நான் ரஷ்ய இலக்கியம் ஆராய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஹைதராபாத்தில் மொழிபெயர்ப்பு வேலை ஒன்று வந்திருக்கிறது. ஆய்வை விட்டுவிடலாமா?

பதில்: மகளே, ஆய்வு நடுவில் நின்றுபோன பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு மாதம் தவறாமல் வருகின்றன. “கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்” என்று உனக்கு எழுதப்போவதில்லை. உன் வழிகாட்டி சொன்னது சரி. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கான பதிலையும் நீயே உன் கடிதத்தில், போகிற போக்கில், எழுதிவிட்டாய்.

மியூட்டில் போட்டுப் பார்க்கிறாய். தலைப்பில் சொல், படம், ஒலி என்று மூன்று இருக்கிறது, அதில் ஒன்றை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு மூன்று வருடம் உழைத்திருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் ஊரில் “அப்படியா” என்று ஒரு சொல் இருக்கிறது. ஆச்சரியமா, சந்தேகமா, “உன்னை நம்ப மாட்டேன்” என்பதா? குரலைக் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது. ரஷ்ய மொழியில் “நு தா” என்பதும் அதே ரகம். “ஆமாம்தான்” என்றும் இருக்கலாம், “ஆமாம், நம்பிட்டேன் போ” என்றும் இருக்கலாம். கீழே ஓடும் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். இந்தக் குறையை ரஷ்யர்களே உணர்ந்துதான் அரட்டையில் வாக்கியத்தின் முடிவில் ஒற்றை அடைப்புக்குறியை, அதாவது “)” என்பதை, போடுகிறார்கள். சிரிப்புக் குறியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் வரும் செய்தி கோபமாகத் தெரிகிறது என்று அங்கே பலர் சொல்வார்கள். எழுத்துக்குள் குரலைக் கொண்டுவர ஒரு சமூகமே பாடுபடுகிறது. நீ இருக்கிற குரலை அணைத்து வைக்கிறாய்.

2022 மார்ச் 3 அன்று, அரசின் நெருக்கடியால், ரஷ்யாவின் சுயேச்சையான தோஷ்த் தொலைக்காட்சி தன் இணைய நேரலையை நிறுத்தியது. ஊழியர்கள் அரங்கிலிருந்து எழுந்து போனார்கள். அப்புறம் திரையில் சைக்கோவ்ஸ்கியின் ‘அன்னப்பறவை ஏரி’ பாலே. உன் 140-ல் இது இருக்கும் என்று நினைக்கிறேன். அட்டவணையில் என்ன எழுதினாய்? “வெள்ளை உடையில் பெண்கள் நடனம், வசனம் இல்லை” என்றா?

அங்கே வசனம் இல்லாததுதான் செய்தி. 1991 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி நடந்தபோது, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மக்கள் டிவியைப் போட்டார்கள். வந்தது இந்த பாலேதான். 1982-ல் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் இறந்தபோதும் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்று சோக இசை ஒலித்தது. செய்தி வரவேண்டிய இடத்தில் இசை வந்தால் மேலே ஏதோ உடைந்திருக்கிறது என்று அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது. 1991-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் அது புரிகிறது. எப்படி? அம்மாவோ அப்பாவோ வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். படத்தையும் ஒலியையும் அட்டவணையில் ஏற்றலாம். அவற்றுக்கு நடுவில் இருக்கும் இந்த நினைவு எந்தக் கட்டத்திலும் அடங்காது, அதை நீ எழுதித்தான் காட்டவேண்டும். வழிகாட்டி “ஆய்வு எங்கே” என்று கேட்பது இதைத்தான்.

உன் துறைக்காரர்கள் இதற்கு வழி காட்டாமல் இல்லை. 1990-ல் மொழியியலாளர்கள் சரோக்கினும் தாராசவும், சொல்லும் சொல் அல்லாததும் பின்னிய உரைக்கு ‘கிரியோல் ஆன உரை’, அதாவது கலப்பு உரை, என்று பெயர் வைத்தார்கள். பெயரை நீயும் முதல் அத்தியாயத்தில் எழுதியிருப்பாய். பெயர் வைத்ததும் வேலை முடிந்தது என்று நிறைய பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட 1928-ஆம் ஆண்டு அறிக்கை உதவும் என்று தோன்றுகிறது. சோவியத் நாட்டில் பேசும்படமே வராத நேரம். சினிமா இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரவ் மூவரும் அந்த அறிக்கையில், ஒலி படத்தையே திருப்பிச் சொன்னால் இரண்டுமே வீண், ஒலி படத்தோடு மோதவேண்டும் என்று வாதிட்டார்கள். அந்த ஒரு கேள்வியை உன் ஒவ்வொரு வீடியோவிடமும் கேள்: இந்த ஒலி படத்தை வழிமொழிகிறதா, மறுக்கிறதா, படத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறதா? காது இல்லாமல் இதைக் கேட்க முடியாது.

இனி வீட்டு விஷயம். இடம் சின்னது என்பதால்தான் சத்தத்தை அணைத்தாய் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஹெட்போன் வாங்க முடியாத வீடு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வைக்காது. அப்பா எழுந்து வந்து “என்ன இது?” என்று கேட்டுவிடுவார், மீமும் பாட்டும்தான் என் ஆராய்ச்சி என்று சொல்லவேண்டிவரும், அதற்குத்தான் பயம். மூன்று வருடம் அவர் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்க, என்ன படிக்கிறாய் என்பதை அவரிடம் மறைத்திருக்கிறாய். பெற்றவர்களுக்கு எல்லாம் புரியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியது பிள்ளையின் கடமை என்று சொல்கிறேன். உன் வேலையைச் சொல்ல உனக்கே வெட்கமாக இருந்தால், அதை நம்பி எப்படி ஒரு அத்தியாயம் எழுதுவாய்?

யாரிடம் மறைக்கிறாய் என்பதையும் பார். சிற்றலை வானொலியில் இரைச்சலுக்கு நடுவே, ஒரு படம்கூட இல்லாமல், குரலை மட்டும் வைத்து ஒரு தூர தேசத்தை மனதில் கட்டிக்கொண்டவர் அவர். நிகழ்ச்சிக்கு முன்னால் வந்த இசை இன்றைக்கும் அவர் காதில் இருக்கும், கேட்டுப் பார். ரஷ்ய மொழி அவருக்குத் தெரியாது என்றால் இன்னும் நல்லது. சொல் புரியாதவருக்கு ஒலி மட்டும் என்ன சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உனக்கு எங்கே கிடைக்கும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துப் போ. பத்து வீடியோ போதும். முதலில் திரையைத் திருப்பி வைத்து, ஒலியை மட்டும் அப்பாவுக்குப் போடு. யார் பேசுகிறார், கோபமா, துக்கமா, கேலியா என்று அவர் சொல்வதை எழுதிக்கொள். அப்புறம் படத்தை மட்டும் காட்டு. பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டு, நீ சொற்களை மொழிபெயர்த்துச் சொல். ஒவ்வொரு முறையும் எது மாறியது என்று குறித்துவை. அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வை.

ஹைதராபாத் வேலைக்கு என்ன பதில் என்பதைத் திங்கட்கிழமை யோசி. அதற்கு முன்னால் எழுதிவிடாதே.