ஒரே சீசனில் மூன்றாவது கிளப்: மன்னார்குடி அண்ணனுக்கு

அண்ணா, பையனுக்கு 20 வயது, கால்பந்தில் மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரன்), இந்த சீசனிலேயே இரண்டு கிளப் பார்த்துவிட்டான், மூன்றாவது கூப்பிடுகிறது, ஊரில் "ஓரிடத்தில் தங்க மாட்டான்" என்று பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேசட்டும், விடுங்கள். நெதர்லாந்தின் முன்னாள் வீரர் கிளாரன்ஸ் சீடார்ஃபும் மிட்ஃபீல்டர்தான். அயாக்ஸ், சம்ப்டோரியா, ரியல் மாட்ரிட், இன்டர் என்று சுற்றி, 2002இல் மிலன் போய், அங்கே மட்டும் பத்து வருஷம் இருந்தார், அப்புறம் பிரேசிலில் போடாஃபோகோ. 1995இல் அயாக்ஸ், 1998இல் ரியல், 2003லும் 2007லும் மிலன் என மூன்று கிளப்போடு ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர்.

உங்கள் சிக்கல் வேறு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் பொதுவாக இரண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம். இரண்டுக்குமே லீக் ஆட்டத்தில் இறங்கிவிட்டானா, வெறும் நட்பு ஆட்டமா? முதலில் அதைக் கேளுங்கள். இறங்கியிருந்தால் இப்போது கையெழுத்துப் போட்டாலும் சீசன் முடியும்வரை பெஞ்ச்கூடக் கிடைக்காது, பயிற்சி மட்டும்தான். அடுத்த சீசனிலிருந்து ஒப்பந்தம் கேட்கலாம்.

இடையில் வரும் ஏஜென்ட் முன்பணம் கேட்டால் குறுவை நெல் விற்ற காசை எடுத்து நீட்டாதீர்கள். ஒப்பந்தத்தில் லோனா (வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக அனுப்புவது) நிரந்தரமா, சம்பளம் யார் தருவது என்பதையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.