கூட்டுக்குள் இரண்டு வாளித் தண்ணீர்: ஒட்டும் முன் துளையைத் தேடுங்கள்

கொடைக்கானல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சென்னையில் 14 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். ஏரியில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் நீர் வடிக்கும் பின்பக்க மூடியைத் திறந்தால் கூட்டுக்குள்ளிருந்து, அதாவது மேல்தளத்துக்கும் அடியுடலுக்கும் நடுவே உள்ள மூடிய வெற்றிடத்திலிருந்து, இரண்டு வாளித் தண்ணீர் வருகிறது. அடியில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. அடிப்பக்கம் முழுவதும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்ட 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். ஒட்டிவிடலாமா?"

வேண்டாம். துளை எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்கு எதற்குப் பணம்? ஒரு சாண் ஆழத்தில் 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால் போதும், மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு ஸ்குரூவின் ஓட்டைக்காக முழுப் படகுக்கும் போர்வை போர்த்தப் பார்க்கிறார்கள். பழைய பெயின்ட் மேல் ஒட்டிய மேட் ஒரே பருவத்தில் உரிந்துவிடும். படகின் எடை கூடியதுதான் மிச்சம்.

முதலில் அந்தப் பின்பக்க மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. படகுக்குச் சான்று கொடுக்க வருகிறவர் எண் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார், மிதவைச் சட்டைகளை எண்ணுவார், கட்டணத்தையும் மறக்காமல் வாங்கிக்கொள்வார். குனிந்து மூடியைத் திருகிப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்து, பாய் விரிக்காமல் படகைக் கரையோரம் ஒரு மணி நேரம் கட்டிவையுங்கள். அப்போதும் நீர் சேர்ந்தால் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சேரவில்லை என்றால் ஓட்டத்தின்போது அழுத்தமும் அலையும் படும் இடங்களைச் சந்தேகியுங்கள்: படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் நடுப்பலகையின் உறையின் மூலைகள், பாய்மரம் ஊன்றும் குழி, சுக்கானைத் தாங்கும் கொக்கிகளின் ஸ்குரூக்கள், மேல்தளமும் அடியுடலும் சேரும் விளிம்பு.

துளையைக் காட்டிக்கொடுக்க மலையில் ஒரு வசதி உண்டு. முந்தைய நாளே கூட்டைக் காயவிட்டு, குளிர்ந்த விடியற்காலையில் மூடியை இறுக்கிப் படகைக் கவிழ்த்துப் போடுங்கள். வெயில் ஏறியதும் உள்காற்று விரிந்து வெளியேற வழி தேடும். சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே வாருங்கள்; துளை இருக்கும் இடத்தில் குமிழி முட்டையிடும். சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். டயருக்கு அடிக்கும் காற்றில் சிறு பங்குகூட ஒரு சதுர மீட்டர் பலகை மேல் ஒரு டன் சுமையாகிவிடும். இல்லாத விரிசலை நீங்களே உண்டாக்குவீர்கள்.

வெயிலில் காய்ந்த படகைக் குளிர்ந்த ஏரியில் உடனே இறக்கினால் இதுவே தலைகீழாக நடக்கும். உள்காற்று சுருங்கி, ஊசிமுனைத் துளை வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இறக்கும் முன் மூடியைத் திறந்து, நிழலில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள்.

துளை கிடைத்த பிறகு ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் குழாயை நீட்டுவார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சிலிக்கான் தடவிய இடத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் நிற்கும். சுக்கான் கொக்கியானால் ஸ்குரூவைக் கழற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியதும் புதிதாகத் துளையிட்டு, பாலியூரித்தேன் பசை வைத்து முடுக்குங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் எபாக்ஸி இறுகாமல் பிசுபிசுக்கும். அவசரப்பட்டு, இறுகவைக்கும் திரவமான ஹார்டனரைக் கூட்டினால் கடைசிவரை அப்படியேதான் கிடக்கும். ஏப்ரல் வரை பொறுத்திருங்கள்.

"தண்ணீரில் ஊறவிட்டால் தானே அடைந்துவிடும்" என்றும் சிலர் சொல்லியிருப்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் உங்கள் படகுக்குப் பொருந்தாது. பலகையோடு பலகை சேர்த்துக் கட்டிய மரப்படகு கரையில் கிடந்து உலர்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும். ஆழமில்லாத இடத்தில் ஓரிரு நாள் ஊறினால் மரம் உப்பி இடுக்கை மூடும். அப்போதும் கசிந்தால் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். அதிலும் பலகை உளுத்திருக்கக் கூடாது. பேனாக்கத்தி முனை இறங்கினால் எத்தனை நாள் ஊறினாலும் பயனில்லை. பிளைவுட் படகை ஊறவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும். ஃபைபர் உப்பி அடையாது, நாள் பார்த்துக் காத்திருந்தாலும்.

இன்னொன்று. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலைக்குள் தலையணையாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூடியை இறுக்கி லாரியில் ஏற்றிய உங்கள் படகும் 2,100 மீட்டர் உயரத்துக்கு அப்படித்தான் உப்பிக்கொண்டே வந்திருக்கும். அந்த அழுத்தத்தில் இணைப்பு விட்டிருக்கலாம் என்பதால் சோப்பு நீர்ச் சோதனையை மேல்தள விளிம்பிலிருந்து தொடங்குங்கள். எப்போதாவது படகை மலையிலிருந்து கீழே இறக்கினால் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.