டிப்ளோமாவில் பெற்ற கிரெடிட்டுகள் பட்டப்படிப்பில் எண்ணப்படுமா?

வாசகர் கேள்வி – பதில்: உயர்கல்வி

கேள்வி: நான் தலவாக்கலைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். உயர் தரத்தில் சித்தியடைந்தும் இசட் புள்ளி போதாமையால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. அதனால் தகவல் தொழில்நுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்தேன். இப்போது அதே துறையில் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறேன். டிப்ளோமாவின் கிரெடிட்டுகள் முழுவதும் ஏற்கப்படும், ஒரே ஆண்டில் பட்டம் பெற்றுவிடலாம் என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்பா ஓய்வு பெறுவதற்குள் நான் படிப்பை முடித்தாக வேண்டும். இது நடக்குமா?

பதில்: மகளே, உங்கள் நண்பர்கள் சொல்லும் கணக்கு ஆதாரமற்றதன்று. இலங்கைத் தகைமைகள் சட்டகம் நாட்டின் கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக வகுத்திருக்கிறது. உயர் தரம் 2ஆம் மட்டம். அதற்குப் பின்னர் குறைந்தது 30 கிரெடிட்டுகள் கொண்ட டிப்ளோமா 3ஆம் மட்டத்திலும், 60 கிரெடிட்டுகள் கொண்ட உயர் டிப்ளோமா 4ஆம் மட்டத்திலும், 90 கிரெடிட்டுகள் கொண்ட மூன்றாண்டுப் பட்டம் 5ஆம் மட்டத்திலும், 120 கிரெடிட்டுகள் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. விரிவுரை, செயன்முறை, வீட்டில் இருந்து படிக்கும் நேரம், பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் சேர்ந்த 50 மணித்தியாலக் கற்றலே ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1500 மணித்தியாலம், அதாவது 30 கிரெடிட். 90இலிருந்து 60ஐக் கழித்தால் ஓராண்டு மீதமிருக்கும். கடதாசியில் கணக்கு சரியாகவே வருகிறது.

நடைமுறையில் அது அப்படி அமைவது அரிது. தகைமைகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதைச் சட்டகம் சொல்கிறதே தவிர, உங்கள் டிப்ளோமாவின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. அந்த முடிவு, நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் பீடச் சபைக்கும் மூதவைக்கும் (செனட்) உரியது. அவர்கள் மொத்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. பாடம் பாடமாக எடுத்து, நீங்கள் படித்த உள்ளடக்கம் தங்கள் பாடத்துடன் எவ்வளவு பொருந்துகிறது, அதில் நீங்கள் பெற்ற தரம் என்ன, படித்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று பார்ப்பார்கள். சாதாரணச் சித்தியுடன் நிற்கும் பாடங்கள் பல இடங்களில் ஏற்கப்படுவதில்லை. இதற்கு மேல், வெளியிலிருந்து கொண்டுவரக்கூடிய கிரெடிட்டுகளுக்கு ஓர் உச்ச வரம்பும், தம்மிடமே படித்தாக வேண்டிய கிரெடிட்டுகளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் பொதுவாக இருக்கும். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கிறது. ஆகவே அந்த வரம்பை அநியாயம் என்று நான் கருதவில்லை.

பெரும்பாலான மாணவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு கிரெடிட் ஏற்கப்படுவது வேறு, அது பட்டத்தை முடிக்க உதவுவது வேறு. எடுத்துக்காட்டாக, உங்கள் 60 கிரெடிட்டுகளில் 42 ஏற்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 24 மட்டுமே கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகி, மற்ற 18உம் விருப்பத் தெரிவுப் பாடங்களாகக் கணக்கிடப்பட்டால், அந்தப் பட்டத்துக்கு 9 கிரெடிட் விருப்பத் தெரிவு மட்டுமே தேவைப்படும்போது, எஞ்சிய 9 கிரெடிட்டுகளால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. கடிதத்தில் 42 என்று இருக்கும். உண்மையில் பயன்படுவது 33 தான்.

காலம் நீள்வதற்கு இன்னொரு காரணம் முன்தேவைப் பாடங்கள். நிரலாக்க அடிப்படையை முடிக்காமல் தரவுக் கட்டமைப்பைப் படிக்க முடியாது; அதை முடிக்காமல் மென்பொருள் பொறியியலுக்கோ இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கோ போக முடியாது. இந்தச் சங்கிலியின் முதற் பாடத்துக்கு விலக்களிப்பு (முன்பு படித்ததால் அதை மறுபடி படிக்க வேண்டியதில்லை என்ற அனுமதி) மறுக்கப்பட்டு, அது ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே கற்பிக்கப்படுமானால், கையில் எத்தனை கிரெடிட் இருந்தாலும் மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே இறுதிச் செயற்றிட்டத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதிப் பாருங்கள்: அதற்கு முன் எது வேண்டும், அதற்கும் முன் எது வேண்டும், ஒவ்வொன்றும் எந்த அரையாண்டில் நடக்கிறது? ஒரு கொப்பித் தாளில் முடிந்துவிடும் இந்த வேலையை, பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னர் செய்துவிட வேண்டும்.

அதற்குத் தேவையானவை இவை: டிப்ளோமா நிறுவனம் முத்திரையிட்டு வழங்கும் முழுமையான பெறுபேற்று அறிக்கையும், ஒவ்வொரு பாடத்தினதும் விரிவான பாடத்திட்டமும். பாடத்தின் பெயர் மட்டும் போதாது. எத்தனை மணித்தியாலம், எந்தெந்தத் தலைப்புகள், மதிப்பீடு எப்படி நடந்தது என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவற்றுடன் விலக்களிப்புக்கு விண்ணப்பித்து, எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்தப் பாடம் ஏற்கப்பட்டது என்று பாடக் குறியீட்டுடன் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். கருமபீடத்தில் உள்ளவர் நல்லெண்ணத்துடன் “எல்லாம் கிடைக்கும், தங்கச்சி” என்று சொல்லலாம், முடிவெடுப்பவர் அவரல்லர்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி அனுமதி உயர் தரப் பெறுபேற்றின் அடிப்படையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினூடாக நடப்பதால், டிப்ளோமாவுடன் நடுவில் நுழையும் வழி அங்கே மிகக் குறுகியது. உங்களுக்கு ஏற்ற வழிகளில் முதலாவது இலங்கை திறந்த பல்கலைக்கழகம். அதற்குப் பொல்கொல்லையில் பிராந்திய நிலையமும், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கற்கை நிலையங்களும் உள்ளன. முதல் விசாரணைக்காக அதன் தலைமையகம் உள்ள நாவலை வரை பஸ் ஏற வேண்டியதில்லை. தேசிய தொழிற்றகைமை (என்.வி.கியூ) 5ஆம் அல்லது 6ஆம் மட்டம் வைத்திருப்போர் இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தையும், வசதியுள்ளோர் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களையும் விசாரிக்கலாம்.

உங்கள் வீட்டில் ஓராண்டு என்று சொல்லாதீர்கள். இரண்டு ஆண்டுகள் என்று சொல்லுங்கள். விலக்களிப்புக் கடிதம் கைக்கு வந்து, அது ஓராண்டாகக் குறைந்தால் அப்பா மகிழ்வார். ஓராண்டுக்கென்று நகையை அடகு வைத்த குடும்பம் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குத் திண்டாடும்போது, படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி நேர்வதைக் காணச் சகிக்க முடியவில்லை.

கேள்வி: என் தம்பி பிரித்தானிய உயர் தேசிய டிப்ளோமா ஒன்றைப் படித்து 240 கிரெடிட் பெற்றிருக்கிறான். உள்நாட்டுச் சிறப்புப் பட்டத்துக்கே 120 கிரெடிட் தான் தேவை என்கிறார்கள். அப்படியானால் அவன் பட்டத்துக்கு மேல் படித்துவிட்டான் அல்லவா? ஓராண்டு மேலதிகமாகப் படித்தால் பட்டம் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். அது அரச வேலைக்குச் செல்லுமா? – பண்டாரவளை வாசகர்

பதில்: ஐயா, நாட்டுக்கு நாடு கிரெடிட்டின் அளவு மாறுகிறது. பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலக் கற்றல்; ஓராண்டுக்கு 120. எனவே தம்பியின் 240 கிரெடிட் 2400 மணித்தியாலம். நம் நாட்டில் இரண்டு ஆண்டுக்குரிய 60 கிரெடிட் 3000 மணித்தியாலம். அவர் படித்திருப்பது இரண்டு ஆண்டுப் படிப்புத் தான். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட் வரும். எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், எத்தனை ஆண்டு முழுநேரப் படிப்பு என்று மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் சிறப்புப் பட்டத்துக்கு 360 கிரெடிட் தேவை. ஆகவே 240உடன் இறுதியாண்டின் 120ஐச் சேர்த்து ஓராண்டில் பட்டம் பெறும் வழி உண்மையிலேயே இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு, 480 கிரெடிட். அங்கே ஓராண்டு போதாமல் போகலாம். எந்தப் பல்கலைக்கழகம் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அரச வேலை பற்றிய கேள்விக்கு முகவரின் பதிலை ஏற்காதீர்கள். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே, பணம் கட்டுவதற்கு முன், எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டதாரி நியமனங்களுக்கான விண்ணப்பங்களில் பட்டம் செல்லுபடியாகும் திகதியும் கேட்கப்படுவதுண்டு. ஒரு பாடம் பின்தங்கி அந்தத் திகதி தள்ளிப்போனால், ஒரு ஆட்சேர்ப்பே கைநழுவிப் போகலாம்.

கேள்வி: நான் மஸ்கெலியாவில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கல்வியியற் கல்லூரியில் தமிழ் மொழி மூலம் பெற்ற கற்பித்தல் டிப்ளோமாவை, கல்விமாணிப் பட்டத்தின் கிரெடிட்டாகக் காட்டலாமா?

பதில்: சகோதரி, ஒன்றை முதலில் விசாரியுங்கள்: அந்தப் பட்டப்படிப்பில் சேர்வதற்கான தகைமையே உங்கள் டிப்ளோமா தானா? நுழைவுக்கு ஒரு முறை பயன்படுத்திய தகைமையைக் கிரெடிட்டுக்காக மறுபடியும் எண்ணப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை. ஆனால், ஆசிரியர்களுக்கென்றே வகுக்கப்பட்ட பட்டப்படிப்புகளில் டிப்ளோமா இருப்பதைக் கருதியே காலம் குறைக்கப்பட்டிருக்கலாம். அப்போது தனியாக விலக்களிப்புக் கேட்கத் தேவையில்லை.

ஆங்கில மொழி மூலப் பட்டப்படிப்பாயின், தமிழ்ப் பாடத்திட்டத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்புத் தேவைப்படும். அதற்கு முன், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, டிப்ளோமாச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப்புறங்களில் பதிவான பிறப்புச் சான்றிதழ்களில் தந்தையின் பெயரும் ஆங்கில எழுத்துகளும் மாறியிருப்பது வழமை. இதைத் திருத்தக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைய நேரிடும் என்பதால், விண்ணப்பத்துக்கான இறுதித் திகதி அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: திறந்த பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுப் பாடங்களை முடித்த பின், அம்மாவின் நோயால் நிறுத்திவிட்டேன். அந்தக் கிரெடிட்டுகள் போய்விட்டனவா? – ஹப்புத்தளை வாசகி

பதில்: சித்தியடைந்த பாடங்களின் பதிவு அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு பட்டத்தையும் முடிப்பதற்கு உச்ச காலம் ஒன்று உண்டு. உங்கள் பதிவிலக்கத்துடன் அருகிலுள்ள நிலையத்துக்குச் சென்று, அந்தக் காலம் எப்போது முடிகிறது, இடைநிறுத்தத்தை மருத்துவக் காரணத்தின் பேரில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். அம்மாவின் சிகிச்சைச் சான்றிதழ்களையும் கொண்டு செல்லுங்கள். நீங்கள் படித்த பாடநெறி திருத்தப்பட்டிருந்தால், பழைய பாடங்களுக்கு ஈடான புதிய பாடங்கள் எவை என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து படிக்க இயலாத நிலை என்றால், 30 கிரெடிட் நிறைவு செய்தவருக்கு அந்தப் பாடநெறியில் இடைவிலகல் சான்றிதழோ டிப்ளோமாவோ வழங்கப்படுகிறதா என்றும் விசாரியுங்கள். அத்தகைய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், பின்னாளில் வேறு பாடநெறியில் சேரும்போது அதையே காட்டி விலக்களிப்புக் கேட்க முடியும்.