முதியோர் இல்லத்தின் 5 கட்டடங்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிறோம். பசுமைக் கட்டடச் சான்றிதழைச் சேர்த்து வாங்கலாமா, தனித்தனியாகவா?

நன்கொடையாளர் யாரோ ஆசைப்பட்டுச் சொல்லி, நிர்வாகம் உங்கள் தலையில் கட்டிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. வட சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு பார்த்தவன், அவ்வளவுதான்.

இரண்டு வழியும் உண்டு. நாங்கள் போனது லீட் (LEED) பக்கம், புள்ளி போட்டுச் சான்றிதழ் தரும் அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீடு அது. மழைநீர், மரம், வெளிவிளக்கு போன்ற பொதுச் சங்கதிகளை முழு வளாகத்துக்கும் ஒரே தடவை காட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேலை முடிய முடியத் தனிச் சான்றிதழ் வாங்கலாம். ஒரே மாதிரியான கட்டடங்களைக் கூட்டாக்கி ஒரே மதிப்பீடும் வாங்கலாம், ஆனால் கடைசிக் கட்டடம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்கு முதல் வழிதான் சரி.

ஆனால் பெயின்ட் வாளியைத் திறப்பதற்கு முன் ஈபி மீட்டரைப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. ஏ பிளாக்கில் எல்இடி, மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு, பெரிய ஜன்னல் எல்லாம் போட்டு முடித்தோம். ஏற்கெனவே இயங்கும் கட்டடம் என்ற பிரிவில் விண்ணப்பித்ததால், "இந்த பிளாக்கின் ஒரு வருட மின்சாரக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு கொடுங்கள்" என்றார் கன்சல்டன்ட். எங்கே போக? வளாகம் முழுக்க ஒரே சர்வீஸ், ஒரே சம்ப், ஒரே மோட்டார். சமையலறை வேறு பி பிளாக்கில்.

அவசரமாகத் துணை மீட்டர் வைத்தோம். அதற்குள் பி பிளாக்கில் வேலை ஆரம்பித்து, அங்கிருந்த பெரியவர்களை ஏ பிளாக்கில் குடியேற்றியிருந்தோம். இருவர் அறையில் மூவர், கூடுதல் ஃபேன், கூடுதல் ஹீட்டர். கணக்கு எடுத்தால், புதுப்பித்த கட்டடம் நாங்கள் நினைத்ததைவிட ஏகத்துக்கும் கரண்ட் தின்றிருந்தது. ஆட்கள் நிலையாகத் தங்கும் மாதங்களுக்காகக் காத்திருந்து மறுபடி ஒரு வருடம் எடுத்தோம். 'திட்டமிடல் இல்லாத நிர்வாகம்' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆமாம், இல்லை. மருந்துச் செலவுக்கே வசூல் பண்ணும் இடம் அது.

புகைபிடிக்கும் விஷயமும் இருக்கிறது. லீட் விதிப்படி வாசல், திறக்கும் ஜன்னல் எதிலிருந்தும் 25 அடி தள்ளித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது. வேப்பமரத்தடியில் பீடியோடு உட்கார்ந்திருந்த துறைமுகத்துத் தாத்தாவை எழுப்பினால், "இன்னா நைனா, சர்டிபிகேட்டு பில்டிங்குக்கா எனக்கா?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். முதலில் அணுகிய ஒரு கன்சல்டன்ட் பாரிமுனை தாண்டி வரவே யோசித்தார். "அந்த ஏரியாவில் கிரீன் பில்டிங்கா?" என்று போனிலேயே சிரித்தார். அத்திப்பட்டு அனல் மின் நிலையமும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அவர் ஏசிக்குக் கரண்ட் வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், புகையை நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் காற்றோட்டப் புள்ளி, திறந்தால் கரித்தூள், இதற்கு எந்த மதிப்பீட்டில் புள்ளி உண்டு?

சரி. உங்கள் வளாகத்தில் எத்தனை ஈபி சர்வீஸ், பெரியவர்களை எந்த பிளாக்கிலிருந்து எந்த பிளாக்குக்கு மாற்றப்போகிறீர்கள்? எழுதுங்கள், எந்த பிளாக்கை முதலில் தொடலாம் என்று சொல்கிறேன்.