ஐசியுவில் படுக்கைப்புண்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா 12 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். அடிமுதுகில் புண் வந்துவிட்டது. நர்ஸுகளின் அலட்சியம்தானே காரணம்? (வாசகி, திருச்சி)

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. நாம் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்தில் இருப்பவருக்கு அது முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் தடைப்படும். பிபியை ஏற்றக் கொடுக்கும் நார்அட்ரினலின் தோலின் ரத்தக்குழாய்களையும் சுருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஈரம் வேறு. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குப் புண் வருவதுண்டு. ஆனால் தோல் சிவந்ததை முதலில் எப்போது குறித்தார்கள், அதன்பின் எத்தனை மணிக்கெல்லாம் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் குறிப்பே இல்லையென்றால் உங்கள் கோபம் நியாயம்.

கேள்வி: நான் ஐசியு நர்ஸ். தடுப்பு முறைகள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் டூட்டியில் அதுதான் கடைசி வேலையாகிறது. எங்கள் மனப்பாங்கில் கோளாறா? (மதுரை)

பதில்: பெல்ஜியத்தின் பேக்மன் குழுவினர் 2010-ல் இதற்கென்றே ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். 13 வாக்கியங்கள், 52 மதிப்பெண். உன் திறமை, இந்த வேலைக்குத் தரும் முன்னுரிமை, புண்ணின் பாதிப்பு பற்றிய எண்ணம், உன் பொறுப்பு, தடுக்க முடியும் என்ற நம்பிக்கை என ஐந்தையும் அது தொடுகிறது. நல்ல மதிப்பெண் வாங்கும் வார்டிலும் வேலை பின்தங்குவதுண்டு. பெரும்பாலும் வழுக்குவது முன்னுரிமையில்தான். மானிட்டர் கத்தும், இன்ஃப்யூஷன் பம்ப் கத்தும். தோலுக்கு அலாரம் கிடையாது.

அதனால் திருப்பிப் படுக்கவைப்பதைத் தனி வேலையாக வைக்காமல், வாய் சுத்தம், உடல் துடைப்பு, பெட்ஷீட் மாற்றுவதோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு பேர் வேண்டும், இழுக்காமல் டிரா ஷீட்டோடு (உடலுக்கடியில் குறுக்கே விரிக்கும் துணி) தூக்க வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். பிறகு அடிமுதுகின் கீழ் கையை விட்டுப் பாருங்கள், எலும்பு மெத்தையில் படக்கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். நிமோனியாவைத் தடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தும்போது ஆள் கீழே சரிவார், எலும்பு நகரும், தோல் மெத்தையிலேயே ஒட்டி நிற்கும், உள்ளே திசு கிழியும். முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டுத் தலைப்பக்கத்தை ஏற்றினால் சரிவு குறையும். மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டு, ட்யூப் கட்டிய உதட்டோரம், காதுமடல் இவற்றையும் பாருங்கள்.

'பிபி நிலையில்லை, திருப்பவில்லை' என்று எழுதி நகர்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மெதுவாகக் கொஞ்சம் சாய்த்து 10 நிமிடம் பாருங்கள். பலருக்கு பிபி பழைய நிலைக்கு வந்துவிடும். வரவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, தலை, குதிகாலையாவது சிறிது நகர்த்துங்கள்.

படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் ப்ரேடன் அளவுகோலில் 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. ஐசியுவில் அநேகமாக எல்லோரும் அதற்குக் கீழேதான், அதனால் எண்ணைச் சடங்காக எழுதி முடித்துவிடுகிறோம். மொத்தத்தை விட ஈரம், உராய்வு, உணவு எதில் குறைகிறது என்று பார்த்தால்தான் அடுத்த வேலை தெரியும்.

சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுக்கவில்லையென்றால் அதுவே படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, கெட்டியா, கருநீலமா என்று தொட்டு ஒப்பிடுங்கள். டூட்டி மாறும் ஹேண்ட்ஓவரில் போகும் நர்ஸும் வரும் நர்ஸும் சேர்ந்து பாருங்கள். 'யார் டூட்டியில் வந்தது' என்று தேடும் இன்சார்ஜ் இருந்தால் முதல் நிலையை யாரும் எழுத மாட்டார்கள், புண் ஆழமாகும் மூன்றாம் நிலையில்தான் வெளிவரும்.

கேள்வி: ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு மசாஜ் செய்வது நல்லதா? குதிகாலுக்குத் தண்ணீர் நிரப்பிய கையுறை வைக்கிறார்களே? (நர்ஸிங் மாணவி, சேலம்)

பதில்: சிவந்த எலும்பு மேட்டில் தேய்க்கவே கூடாது, நசுங்கிய திசு இன்னும் கெடும். ஸ்பிரிட் தோலை வறளவைக்கும். கையுறையையும் ரப்பர் வளையத்தையும் விட்டுவிடுங்கள். அழுத்தத்தை அவை நீக்குவதில்லை, இடம்தான் மாற்றும்.

கேள்வி: ஏர் பெட் இருந்தால் திருப்ப வேண்டாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டும். இடைவெளியை ஆளைப் பார்த்துச் சற்றுக் கூட்டலாம், அவ்வளவே. பம்ப்பில் எடைக்கேற்ற அழுத்தம் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு டூட்டியிலும் பாருங்கள். மேலே ரப்பர் ஷீட், இரண்டு பெட்ஷீட், டயப்பர் என்று அடுக்கினால் மெத்தை வாங்கிய காசு வீண்.